மூடியில் ஒட்டிய சீட்டு

கல்யாணப் பெண் அனுப்பிய பட்டியலில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பெரியம்மா அதைக் கைபேசியில் இரண்டு முறை படித்தாள். கட்டிலின் மேல் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு மூன்றாவது முறையும் படித்தாள்.

உதட்டுக்கு வாசலின். மூக்குக்குள் தடவ எண்ணெய், சின்னக் குப்பியில். பருத்திச் சட்டைதான் வேண்டும். நைலான் இந்தக் காற்றில் உடம்போடு ஒட்டிக்கொண்டு சுரீரென்று அடிக்கும். காது மூடும் தொப்பி. வெயில் கண்ணாடி. காலுறை மூன்று ஜோடி. மூடி இறுக்கமான தண்ணீர் பாட்டில். பூ வேண்டாம், பதினொரு மணிக்குள் சருகாகிவிடும். கிரீம் பாட்டிலை அழுத்திக் காற்றை வெளியே விட்டு மூடவும், இல்லையென்றால் மேலே வரும்போது பொங்கிவிடும்.

விவரம் தெரிந்தவள்தான் என்று பெரியம்மா நினைத்தாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'கல்யாணத்தன்றைக்கு இது போதும் அக்கா. மீதியை மெதுவாக லாரியில் போடலாம்.'

மீதி என்றால் படுக்கை, மிதிவண்டி, பாடப் புத்தகம், சுவரில் ஒட்டிய படங்கள். மூன்று வருஷம்.

பெரியம்மாவின் தங்கை செத்தபோது அவள் மகளுக்கு ஐந்து வயது. தங்கை புருஷன் மலையில் சாலை போடும் இடத்தில் சர்வேயர். கூடாரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "ரெண்டே மாசம் அண்ணி, குவார்ட்டர்ஸ் குடுத்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று விட்டுவிட்டுப் போனார். குவார்ட்டர்ஸ் கிடைக்க மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் அங்கேயே மருந்தகத்தில் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தியைப் பிடித்துப்போய், கல்யாணமும் முடிவாகிவிட்டது. அதில் பெரியம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல மனிதர். எத்தனை நாள்தான் தனியாகப் பொங்கித் தின்பார்.

பத்து நாளைக்கு முன்னால் போன் செய்தார்.

"அண்ணி, கல்யாணம் முடிஞ்சதும் பொட்டலம் இங்கயே இருக்கட்டும். ஸ்கூல்ல பேசிட்டேன்."

பொட்டலம் என்பது குழந்தை. ஏழரை மாதத்தில் பிறந்ததைப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த பெயர்.

"சரிங்க தம்பி," என்றாள் பெரியம்மா.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவா."

என்னிடம் அழமாட்டாளா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

"இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருஷம் நீங்க வந்து பார்க்க வேணாம். போனையும் குறைச்சுக்கலாம். உங்களப் பார்த்துட்டே இருந்தா அவ இங்க ஒட்டமாட்டா."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியும்."

"அடுப்புல பால் இருக்கு தம்பி, வெச்சிடறேன்."

அடுப்பில் ஒன்றும் இல்லை.

பத்து நாளும் சொல்ல நேரம் பார்த்தாள். திங்கட்கிழமை குழந்தைக்குக் கணக்குப் பரீட்சை. செவ்வாய்க்கிழமை அதில் மார்க் குறைந்துபோய் முகம் தொங்கிக் கிடந்தது. புதன்கிழமை சிரித்துக்கொண்டு வந்தாள், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. இப்படியே போயிற்று. இன்று காலை பெரியம்மா பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வந்தாள். பழுப்பு உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நாளைக் காலை பேருந்து.

"மூணு நாளைக்கு எதுக்கு இவ்வளவு சட்டை?" குழந்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"மலைல குளிரும். ஒண்ணு மேல ஒண்ணு போடணும்."

"வெங்காயம் மாதிரியா?"

"வெங்காயம் மாதிரிதான். உரிச்சா அழுகை வரும். காலை எடு, சட்டை கசங்குது."

காலை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடி விளையாடினாள்.

"பெரிம்மா, அவங்கள நான் என்னன்னு கூப்பிடணும்?"

"சித்தின்னு கூப்பிடு."

"சித்தின்னா சோறு போட மாட்டாங்களாம். பின் பெஞ்ச்காரி சொன்னா."

"பின் பெஞ்ச்காரிக்கு எத்தனை சித்தி?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும்? பரீட்சைலயும் இப்படித்தான் எழுதுவாளா?"

குழந்தை சிரித்தாள். பிறகு விரலை மடக்கினாள். "பெரியம்மா ஒண்ணு. சித்தின்னா சின்னம்மா, அது ஒண்ணு. நடுவுல வெறும் அம்மாதான் இல்ல."

கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பெரியம்மா ஏற்கெனவே மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"கீழ்வீட்டு அக்காகிட்ட மிதிவண்டி சாவியக் குடுத்துட்டு வா. தூசி தட்டி வெக்கச் சொல்லு."

குழந்தை ஓடினாள்.

பெரியம்மாவுக்கு மருந்துக் கிடங்கில் பேக்கிங் பிரிவில் வேலை. இருபத்தோரு வருஷம். ஒரு பெட்டிக்கு மூன்று காரியம். இண்டு இடுக்கில் காகிதம் திணித்து ஆடாமல் வைப்பது ஒன்று. நாலு மூலையிலும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைப் போடுவது ஒன்று. உப்பு என்றுதான் அங்கே எல்லாரும் அதைச் சொல்வார்கள், அது உப்பு இல்லை என்றாலும். கடற்கரை ஊர், காகிதம்கூட நமத்துப்போகும். மூன்றாவது, மூடியின் உள்பக்கம் சீட்டு ஒட்டுவது. உள்ளே என்னென்ன, எத்தனை. சீட்டில் இருப்பது பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பது சீட்டில் இருக்க வேண்டும். ஏதாவது சரக்கு கைவசம் இல்லையென்றால் அந்த வரிக்கு எதிரே 'பின்னால் வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படி எழுதியதில் பாதி பின்னால் போனதே இல்லை. அடுத்த மாதம் வேறு சீட்டு, வேறு பெட்டி. பழையதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? கிடங்கில் அது ஒரு கேலிப் பேச்சாகிவிட்டது. யாராவது புதிதாக வந்தவர்கள் பெரியம்மாவிடம், "உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாக்கா?" என்று கேட்டால் பக்கத்து மேஜைக்காரி முந்திக்கொள்வாள். "பின்னால வரும்." பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நாற்பத்தேழு வயது ஆகிறது.

குழந்தை கீழே இருந்த கால் மணி நேரத்தில் பெட்டி முடிந்தது. உறையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். பையைத் துழாவி நாலு உப்பு எடுத்து மூலைக்கு ஒன்றாகச் செருகினாள். ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். பசை தடவி மூடியில் ஒட்டினாள், மேலே உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. மனசு வேறெங்கோ இருந்தது. கை இருபத்தோரு வருஷமாகச் செய்வதைச் செய்துகொண்டிருந்தது. பதினான்காவது வரியில் அது என்ன எழுதியது என்று அவள் பார்க்கவில்லை.

பேருந்தில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பேருந்து இரண்டு நாள். முதல் நாள் சமவெளி, வெக்கை, குழந்தை தூங்கினாள். இரண்டாம் நாள் ஏற்றம். மரங்கள் குறைந்துகொண்டே வந்து நின்றுபோயின. பிறகு கல், மண், அதற்கு மேல் நீலம். தொண்டை வறண்டது. குழந்தை பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். காற்றடைத்த தலையணைபோல் உப்பியிருந்தது.

"பெரிம்மா, பாக்கெட்டு மாசமா இருக்கு."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வாய மூடு. ஊர் சிரிக்குது."

"எத்தனாவது மாசம்னு கேட்கறாங்க போல."

பாக்கெட்டைப் பிரித்தபோது 'டப்' என்றது. குழந்தை கைதட்டினாள். அடுத்த வளைவில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, மெல்லிய ஒரு கோடு. பெரியம்மா தலையைக் குனிய வைத்து மூக்கைப் பிடித்தாள். நின்ற பிறகு எண்ணெய் தடவினாள். உதட்டில் வாசலின் தடவினாள். குழந்தை எதற்கும் மறுப்புச் சொல்லாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று மட்டும் பெரியம்மாவுக்கு உறுத்தியது. எங்கே போனாலும் பேருந்து கிளம்புமுன்பே, "எப்ப திரும்புவோம்?" என்று கேட்கிற பிள்ளை. இந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டே கடைசி வளைவும் வந்துவிட்டது.

சர்வேயர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார்.

"பொட்டலம்! என்ன கனம் கனக்குது! அண்ணி, என்னத்தத் திணிச்சீங்க உள்ள?"

"காகிதந்தான்," என்றாள் பெரியம்மா. குரல் கட்டியிருந்தது. வறட்சி என்று அவர் நினைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார்.

சாலைத் துறையின் விருந்தினர் அறை. தகரக் கூரை, இரும்புக் கட்டில், மூலையில் ஒரு கணப்பு, அதன் மேல் அறைக்கு ஈரம் வேண்டும் என்பதற்காகக் கொதித்துக்கொண்டே இருக்கும் பாத்திரம். கல்யாணம் மறுநாள் பத்து மணிக்கு, பதிவாளர் அலுவலகத்தில். கையெழுத்து, மோதிரம், பிறகு இருபது பேருக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணிக்குக் கல்யாணப் பெண் தானே வந்துவிட்டாள். ஒல்லி. முப்பத்தைந்து இருக்கும். பட்டுப் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு. மோதிரத்தின் அடிப்பக்கம் நூல் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"போன மாசம் அளவெடுத்தது. குளிர்ல விரல் சுருங்கிடுச்சுக்கா. கையெழுத்துப் போடறப்ப கழண்டு உருண்டா அபசகுனம்னு யாராவது ஆரம்பிச்சிடுவாங்க." குழந்தையைப் பார்த்தாள். "நீதான் பொட்டலமா? வா, பிரிச்சுப் பார்க்கலாம்."

குழந்தை பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். சட்டையைத் தேடி மூலையில் கைவிட்டவள் ஒரு சின்ன வெள்ளைப் பையோடு நிமிர்ந்தாள். அடுத்த மூலையில் இன்னொன்று. நாலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க மருந்துக் கிடங்குலதான வேலைன்னு சொன்னாரு?"

"ஆமா."

"கடலோரக் கிடங்கா? பச்சைப் பட்டை ஒட்டி வருமே பெட்டி?"

"ஆமா."

"நீங்கதானா அது!" நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏழு வருஷமா நாங்க கேட்டுட்டு இருக்கோம். மழைன்னா என்னன்னே தெரியாத ஊருக்கு எந்தப் புண்ணியவான் மூலைக்கு மூலை இதப் போடறான்னு. இங்க ஈரத்துக்கு நாங்க பாத்திரத்துல தண்ணி கொதிக்க வெச்சுட்டு உட்கார்ந்திருக்கோம்!"

பெரியம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "பழக்கம்மா. கை அதுபாட்டுக்குப் போட்டுடுச்சு."

"இருமல் மருந்து மட்டும் போட மாட்டீங்க. பின்னால் வரும், பின்னால் வரும்னு மூணு வருஷம். இப்பல்லாம் அந்த வார்த்தையப் பார்த்தாலே எதிர்பார்க்கறதில்ல. அந்த வரிய அடிச்சுட்டு வேற ஏற்பாடு பண்ணிடுவோம்."

சொல்லிக்கொண்டே மூடியைப் பார்த்தாள். "அட, உள்சீட்டுகூட ஒட்டியிருக்கு! வா பொட்டலம், சரக்கு சரியா இருக்கான்னு பார்ப்போம். நான் படிக்கறேன், நீ காட்டு."

பெரியம்மா மூடியைப் பார்த்தாள். தன் கையெழுத்து. அப்போதுதான் உறைத்தது. "அதெல்லாம் வேணாம், நேரமாச்சு," என்று எழுந்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குக்கா. ஒண்ணு, பருத்திச் சட்டை, ஆறு."

"இருக்கு," என்றாள் குழந்தை.

"தொப்பி, ஒண்ணு."

"இருக்கு."

கிடங்கில் நடப்பதைப் போலவே நடந்தது. நர்ஸ் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டாள். பதின்மூன்று வரை குழந்தையின் குரல் துள்ளிக்கொண்டே வந்தது. பெரியம்மா கணப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பதினாலு. பள்ளி மாற்றுச் சான்றிதழ்..." நர்ஸ் நிறுத்தினாள். அவளுக்கு முகத்தைப் படிக்கத் தெரியும், தொழில் அது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, குழந்தைக்கு இன்னும் சொல்லவில்லை என்று புரிந்துபோயிற்று. பேனாவை மூடப் போனாள்.

"அது அடில இருக்கு," என்றாள் குழந்தை. "பழுப்புக் கவர்ல."

பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப பார்த்த?" பெரியம்மாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சாவி குடுத்துட்டு மேல வந்தேன்ல. நீ காபி போட்டுட்டு இருந்த. பசைகூடக் காயல."

"ஏன் என்கிட்ட கேட்கல?"

குழந்தை பெட்டியின் பூட்டைத் திறந்தாள், மூடினாள். "நீ சொல்லுவன்னு இருந்தேன்."

நர்ஸ் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வரி இருக்குக்கா," என்றாள் மெதுவாக. "பென்சில்ல."

பெரியம்மா கிட்டே போனாள். பதினான்குக்குக் கீழே, கோடு கோணாமல் இருக்கக் கஷ்டப்பட்டு எழுதிய எழுத்து.

15. பெரியம்மா — 1

வெளியே வண்டி வந்து நின்றது. சர்வேயர் குரல் கொடுத்தார். "ஆச்சா? ரிஜிஸ்தர் ஆபீஸ்காரன் டீ குடிக்கப் போயிட்டா அப்புறம் பதினோரு மணிதான்!"

குழந்தை பூட்டை விட்டுவிட்டு மூடியைத் தொட்டாள்.

"சீட்டுல இருந்தா பெட்டில இருக்கணும்," என்றாள் குழந்தை. "நீதான் சொல்லுவ."

"ஆமா."

"இல்லைன்னா எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"அப்ப எழுது."

"என்னன்னு?"

"பின்னால் வரும்னு."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். மூடி ஆடாமல் இருக்கக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா எழுதினாள். பின்னால் வரும். இருபத்தோரு வருஷத்தில் இதை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாள், இவ்வளவு நேரம் ஆனதில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். குழந்தை குனிந்து மையை ஊதினாள். அந்தக் காற்றில் அது அதற்குள் காய்ந்திருந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மோதிரம் கழலவில்லை. சர்வேயர் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, உதறினார், பதிவாளரின் சட்டையில் ஒரு சொட்டு. எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தாள். சாப்பாட்டின்போது அவள் இலையில் நர்ஸ் சோறு போட்டாள். போட்ட பிறகு இன்னும் கொஞ்சம் போட்டாள். குழந்தை பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், பின் பெஞ்ச்காரி தோற்றுவிட்டாள் என்கிற மாதிரி.

இரண்டரை மணிக்குப் பேருந்து. சர்வேயர் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். நர்ஸ் பெரியம்மாவோடு படியருகே நின்றாள்.

"அவர் உங்ககிட்ட ஒரு வருஷம்னு சொன்னது எனக்கு நேத்துதான் தெரியும். நான் பேசறேன்க்கா."

"வேணாம்மா. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு."

"அந்த வரிய நான் அடிக்க மாட்டேன்."

பெரியம்மா தூரத்தில் தோள் மேல் ஆடிக்கொண்டு போகும் தொப்பியைப் பார்த்தாள். மங்கலாகத் தெரிந்தது. வெயில் கண்ணாடியைத் தனக்கென்று எடுத்து வைக்கவில்லை.

"அது கண்ணுல பட்டுட்டே இருந்தா எதிர்பார்த்துட்டே இருப்பா," என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் அடிச்சிடுங்க. அடிச்சுட்டு, நீங்க சொன்ன மாதிரி வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க." மூச்சு வாங்கியது, உயரம். "அவ கணக்குல நடுவுல ஒண்ணு குறையுது. கேளுங்க, சொல்லுவா."

நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். சொரசொரப்பான கை. இரண்டு பேருக்கும் அட்டைப் பெட்டி அறுத்த தழும்பு ஒரே இடத்தில் இருந்தது.

பேருந்து கிளம்பும்போது குழந்தை தோளிலிருந்து சன்னலுக்கு எட்டி, மூடிய கையை நீட்டினாள்.

"இந்தா. இங்க இது வேணாமாம். கீழதான் ஈரம்."

நாலு உப்புப் பை. பெரியம்மா வாங்கிக்கொண்டாள். எப்போது என்று குழந்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தாயிற்று.

வந்த வளைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. இருட்டுவதற்குள் மரங்கள் வந்தன. மறுநாள் மாலை காற்றில் பிசுபிசுப்பு வந்தது. சன்னல் கண்ணாடி வேர்த்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "அப்பாடா, இப்பதான் மூச்சு விட முடியுது," என்றாள். பெரியம்மா தலையை ஆட்டினாள். பைகள் நாலும் இன்னும் கையில்தான் இருந்தன. ஈரம் ஏற ஏற உப்பு கனக்கும். தராசு தேவையில்லை, அவள் கைக்குத் தெரியும்.